நான்காம் மையத்துப் பூஜ்யங்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் பசையக்கா என்று பெயர். கையில் பசை உள்ளவள் போலிருக்கிறது என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். நாலு இடத்திலிருந்து நாலு விதமாக வரும் அட்டவணைகளை ஒன்றாக ஒட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. அதனால் வந்த பெயர்.

இந்த ஒட்டு வேலையை இளக்காரமாக நினைப்பவர்கள் ஒரே ஒரு நாள் வந்து செய்து பார்க்கட்டும். ஒருவர் ‘வயது’ என்று தலைப்புப் போட்டிருப்பார், இன்னொருவர் ‘பிறந்த வருடம்’ என்று போட்டிருப்பார். ஒருவர் அட்டவணையில் மேலிருந்து கீழாக ஏழு பத்தி இருக்கும், அடுத்தவருடையதில் ஒன்பது இருக்கும். தலைப்பைப் பார்க்காமல் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டால் விலைக்குக் கீழே எடை வந்து உட்கார்ந்துகொள்ளும். கணினிக்கு என்ன வந்தது? அது பாட்டுக்கு எல்லாவற்றையும் கூட்டிக் கொடுத்துவிடும். ஒரு கூட்டுக்குடும்பத்துத் துணி முழுவதையும் ஒரே கொடியிலிருந்து உருவி, எது யாருடையது என்று பார்த்து மடித்து வைப்பது போன்ற வேலை இது.

பல வருடம் இந்த வேலையை அவள் ஒரு பல்பொருள் அங்காடியின் தலைமை அலுவலகத்தில் செய்தாள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஏதாவது கிளையில் ஒரு பொருளுக்கு நேராகக் கட்டம் காலியாக இருந்தால், அன்று அது விற்கவில்லை என்று அர்த்தம். ஆகவே ஒட்டி முடித்த கையோடு, காலிக் கட்டங்களில் எல்லாம் பூஜ்யம் போடச் சொல்லி, கணினிக்கு எழுதும் நிரலின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பாள். சோப்புக்கும் சீப்புக்கும் அது சரியான வழக்கம்தான். அந்த வரியை அவள் எழுதினாள் என்பதைவிட அவள் விரல்கள் எழுதின என்பதுதான் உண்மை.

அவளுடைய வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் மாஸ்டர். “கிளட்ச்சை விடு, மெதுவா விடு, அய்யோ மெதுவா” என்று நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து வீட்டிலும் அதே குரலில் பேசுவார். அவள் சமையலறையிலிருந்து சட்டென்று திரும்பினால் இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதாக வழக்குப் போடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் பயிற்சி வண்டியில் உட்கார்ந்தபடியே ஒருபக்கமாகச் சரிந்தார். ஓட்டிக்கொண்டிருந்த பெண் கற்றுக்கொள்ள வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவள் பதறாமல் வண்டியை ஓரங்கட்டியதால்தான் உயிர் தப்பியது. பக்கவாதம் என்றார்கள். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. எல்லாம் புரிந்தது, ஒன்றும் சொல்ல வரவில்லை. சத்தமாக இருந்த வீடு அப்படியே அடங்கிப்போயிற்று.

அப்போதுதான் அவளுடைய நாத்தனார், யாரோ சொன்னதைக் கேட்டு, அண்ணனை ஒரு பேச்சுப் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனாள். ஓர் அறக்கட்டளை நடத்தும் நான்கு மையங்களில் அது கடைசியாக வந்தது, இருப்பதிலேயே சின்னது. அச்சகத்துக்குப் பின்னால் இரண்டே அறைகள். அச்சு இயந்திரம் ஓடினால் சுவரில் சாய்த்து வைத்த நாற்காலி தானாக நகரும். அங்கே பயிற்சி தருகிற பெண்ணை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

டீச்சர் ஒரு மாதம் அவரிடம் குவளையைக் காட்டிப் பார்த்தாள், சீப்பைக் காட்டிப் பார்த்தாள். மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒருநாள் டீச்சர் தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு தட்டை இரண்டு கையாலும் பிடித்து ஸ்டியரிங் மாதிரி திருப்பியபடி, எதிரே இருந்த சுவரை நோக்கி நாற்காலியோடு வேகமாக நகர ஆரம்பித்தாள். சுவர் நெருங்க நெருங்க மாஸ்டருக்கு உடம்பெல்லாம் பதறியது. “பிரேக்” என்று கத்திவிட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அழுதுகொண்டே அண்ணிக்குப் போன் செய்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் பிரேக் போட்டுட்டார் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த நன்றியை எங்கே கொண்டு வைப்பது என்று பசையக்காவுக்குத் தெரியவில்லை. பழம் வாங்கிக்கொண்டு போனால் டீச்சர் அதை மற்ற நோயாளிகளுக்கு நறுக்கிக் கொடுத்துவிடுகிறாள். அறக்கட்டளைத் தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவர வேலைக்கு ஆள் தேவை என்று மையத்துச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், அங்காடி வேலையை உதறிவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். அந்தச் சுவருக்கு எதையாவது திருப்பிக் கொடுக்கலாம் என்ற நப்பாசைதான்.

வந்த சில மாதங்களிலேயே, வேலை இன்னும் நிரந்தரம் ஆகாத நேரத்தில், அறக்கட்டளையை நடத்தும் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டார். நான்கு மையங்களுக்கும் போதுமான ஆட்கள் இல்லை, ஒன்றை மூட வேண்டியிருக்கும், எதில் பலன் குறைவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அவள் தன் வீட்டுக்காரர் நான்காவது மையத்தில் பயிற்சி எடுப்பதைச் சொன்னாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எண்ணுக்கு வீட்டுக்காரர் கிடையாதும்மா. நீங்க ஒட்டுங்க” என்றார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயம். ஆகவே ஒரு விரதம் எடுத்துக்கொண்டாள். மற்ற மூன்று அட்டவணைகளையும் தேர்வுத்தாள்களோடு ஒப்பிட்டு வரி வரியாகப் பார்ப்பது, நான்காவதைத் தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது. கை தவறி ஒரு நல்ல வார்த்தைகூட அந்த மையத்துக்குச் சாதகமாக விழுந்துவிடக் கூடாது. நேர்மையாக இருக்கிறேன் பேர்வழி என்று அவள் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது.

மூன்று மையங்களில் ‘தேர்வுப் புள்ளி’ என்று ஒரு பத்தி இருந்தது. ஓர் அட்டைப்பெட்டியில் நூறு படங்கள். நோயாளி எத்தனை படத்துக்குப் பெயர் சொல்கிறாரோ அத்தனை புள்ளி. பிறகு ஆரம்பித்த நான்காவது மையத்துக்கு அந்தப் பெட்டியை யாரும் அனுப்பவே இல்லை. அதனால் அந்தப் பத்தியும் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக டீச்சர் தானே ஒரு பத்தி வைத்திருந்தாள்: ‘வந்த அன்று சொன்ன சொற்கள்’. இது மற்ற மூன்றிலும் இல்லை.

பொருந்தாத பத்திகளை வெட்டிவிட்டு, எல்லாரிடமும் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வது ஒரு வழி. அது அவளுக்குப் பிடிக்காது. ஒருவர் மெனக்கெட்டு எழுதியதைத் தூக்கிப் போட யாருக்கு உரிமை இருக்கிறது? எல்லாப் பத்திகளையும் வைத்துக்கொள், எவரிடம் எது இல்லையோ அந்தக் கட்டத்தைக் காலியாக விடு என்று நிரலுக்குச் சொன்னாள். அதுவரை எல்லாம் சரி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கடைசியில் விரல்கள் பழைய வரியையும் சேர்த்து எழுதிவிட்டன. நான்காவது மையத்தார் எவருக்கும் நடக்காத தேர்வில் அத்தனை பேரும் பூஜ்யம் வாங்கினார்கள். போதாக்குறைக்கு, மற்ற மூன்று மையத்துக்காரர்களும் ஒரு சொல்கூட இல்லாமல் வந்து அறுபது, அறுபத்தைந்து என்று ஏறியதாகவும் ஆயிற்று.

சுருக்க அறிக்கையைப் பார்த்த டாக்டர் நான்காவது மையத்தை மாதக் கடைசியில் மூடிவிடலாம் என்றார். அங்கிருப்பவர்கள் முதல் மையத்துக்கு வரட்டும், அங்கே ஒரு வகுப்புக்கு முப்பது பேர். முப்பது பேருக்கு நடுவில் ஒருவருக்காக எவர் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரில் மோதப் போகிறார்கள்? ஆனாலும் எண் சொல்லிவிட்டதே என்று அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அன்று மாலை அவள் வீட்டில் நடந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணன் இன்றைக்கு டீச்சரிடம் என்னென்ன சொன்னார் என்று நாத்தனார் உற்சாகமாக ஆரம்பித்தாள். பசையக்கா துணியை உதறிக்கொண்டே, பெரிசா சொல்லிட்டாராக்கும் என்று வெடுக்கென்று கேட்டாள். நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை நாள் அந்த டீச்சர் நம்மை நன்றாக ஏமாற்றியிருக்கிறாள், நாமும் வாயைப் பிளந்துகொண்டு ஏமாந்திருக்கிறோம் என்று பசையக்கா மனதுக்குள் பொருமினாள். கட்டின புருஷன் வாயால் கேட்டதைவிடத் தான் ஒட்டிய அட்டவணை அவளுக்குப் பெரிதாகப் போயிற்று.

மறுநாள் காலை ஸ்கூட்டரைப் பின்னால் தள்ளி வாசலைவிட்டு இறக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வாசற்படியில் கதவைப் பிடித்தபடி நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் தள்ளினாள்.

“கண்ணாடி… பாரு” என்றார் அவர். அவள் பார்க்கவில்லை. அவர் குரலை உயர்த்தினார். “பின்னாடி… நாய்.”

அவள் நின்றாள். சக்கரத்துக்குப் பின்னால் தெருநாய் ஒன்று வெயிலில் காலை நீட்டிப் படுத்திருந்தது. மாஸ்டர் வெற்றிப் புன்னகையோடு தலையை ஆட்டினார். அந்த நாயைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி, முதல் சிக்னலில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. படப்பெட்டியில் நாய் இருக்கிறது. மூன்று மையத்தின் தேர்வுத்தாள்களையும் பார்த்தவள் அல்லவா, நாய் ஐந்தாவதோ ஆறாவதோ படம். நாயைப் பார்த்து நாய் என்று சொல்லும் மனிதருக்குப் பூஜ்யம் எப்படி வரும்? பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியவில்லை.

அலுவலகத்தில் கைப்பையைக்கூட இறக்காமல் நான்காவது மையத்தின் வரிசைகளைத் திறந்தாள். பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஆனால் வீட்டுக்காரர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் மையத்து அட்டையின் எண் அவளுக்கு மனப்பாடம். அந்த எண்ணுக்கு நேரே தேர்வுப் புள்ளி பூஜ்யம். மேலே பூஜ்யம், கீழே பூஜ்யம், அந்த மையம் முடியும் வரைக்கும் பூஜ்யம். எவ்வளவு மோசமான மையமாக இருந்தாலும் ஒருத்தராவது ஒரு குவளைக்குப் பெயர் சொல்லியிருக்க மாட்டாரா? நிரலின் கடைசி வரிக்குப் போனாள். அது அங்கே ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அந்த வரியை எடுத்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினாள். பூஜ்யங்கள் உதிர்ந்து, காலிக் கட்டங்கள் வந்தன. ஆனால் ஒரு பத்தியில் மட்டும் பல பூஜ்யங்கள் உதிரவில்லை. அவை அவள் போட்டவை அல்ல, டீச்சர் போட்டவை. நான்காவது மையத்தின் ‘வந்த அன்று சொன்ன சொற்கள்’ பத்தியில் ஏகப்பட்ட பூஜ்யங்கள். மாஸ்டருக்கு நேரேயும் ஒன்று. வாயைத் திறந்து திறந்து மூடிய அந்த முதல் நாளை, கூட்டாமல் குறைக்காமல், டீச்சர் எழுதி வைத்திருந்தாள். ஒட்டும்போது அந்தப் பத்தியை வெட்டாமல் விட்ட புண்ணியத்துக்காகப் பசையக்கா தன்னைத்தானே ஒரு தடவை மன்னித்துக்கொண்டாள்.

மூடுகிற கடிதம் தட்டச்சாகி டாக்டர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவள் உள்ளே போனாள். வேலை நிரந்தரமாகவில்லை, சொந்தப் புருஷன் விஷயம், எண்ணை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள் என்று அவர் நினைத்தால் மறுபேச்சுப் பேச முடியாது. ஆனது ஆகட்டும் என்று, பழைய அட்டவணை, புதிய அட்டவணை, தான் எழுதிய அந்த ஒற்றை வரி மூன்றையும் அவர் முன்னால் வைத்தாள். அங்காடி வழக்கத்தையும் தன் விரதத்தையும் ஒளிக்காமல் சொன்னாள்.

டாக்டர் புதிய அட்டவணையில் காலியாக இருந்த ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

“இது காலியா இருந்தா என்ன அர்த்தம்?”

“தெரியாதுன்னு அர்த்தம், டாக்டர். அவங்களுக்கு வரலைன்னு இல்ல. நாம கேக்கலைன்னு அர்த்தம்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்து இழுப்பறையில் போட்டார்.

“கேக்காத கேள்விக்கு எப்படிம்மா நான் ஃபெயில் போடுறது?” என்றார். பிறகு, முதல் மையத்துப் பயிற்சியாளரையே படப்பெட்டியோடு நான்காவது மையத்துக்கு அனுப்பச் சொன்னார். அவளுக்குத் திட்டும் விழுந்தது. அடுத்த தடவை எண்ணைப் பார்க்காமல் நேர்மையாக இருக்க வேண்டாம், பார்த்துவிட்டு நேர்மையாக இருங்கள் என்றார். அதைவிட மரியாதையான திட்டை அவள் வாழ்நாளில் வாங்கியதில்லை.

தேர்வு நடந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொல்லியிருந்தாள். நாத்தனார் கோபித்துக்கொள்ளாமல், விடுங்க அண்ணி, இவ்வளவு நாள் ஓட்டுநர் வீட்டில் இருந்தும் நீங்கள் கண்ணாடி பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை என்றாள். அந்த வாரத்தில் பசையக்கா சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புள்ளிகள் வந்தன. தலைப்புக்குத் தலைப்பு பொருத்தி அவளே ஒட்டினாள், இந்தத் தடவை ஒவ்வொரு வரிசையாகக் கண்ணால் பார்த்து. மாஸ்டருக்கு நாற்பத்தொன்று. அதே மையத்து மற்றவர்களுக்கு முப்பத்தெட்டு, ஐம்பது, நாற்பத்தாறு. கூட்டிச் சராசரி பார்த்தால் நான்காவது மையம் உண்மையிலேயே கடைசி. அவளுக்கு மனது விட்டுப்போயிற்று. ஆனாலும் ஒரு கட்டத்தைக்கூடத் தொடாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். சராசரியைத்தான் பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள். அவர் பார்த்தது டீச்சரின் பத்தியை. முதல் நாளில் ஒரு சொல்லும் இல்லாமல் வந்தவர்கள் நாற்பதுக்கு வந்திருக்கிறார்கள், மற்ற மூன்று மையத்துக்காரர்கள் எத்தனை சொல்லோடு வந்து அறுபது வாங்கினார்கள் என்று கேட்டார். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன. தெரியாது என்றாள். அப்படியானால் நான் எதையும் மூடப்போவதில்லை என்றார் அவர். இனிமேல் நான்கு மையத்திலும் அந்தப் பத்தி இருக்க வேண்டும், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று அவள் எதிரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் நாத்தனாரைப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரரை அழைத்து வர அவளே போனாள். வழியெல்லாம் பேச்சுத் தயாரித்துக்கொண்டே போனாள். முதலில் அந்தப் பூஜ்யம் தான் போட்டது என்று சொல்ல வேண்டும். ஒருநாள் முழுக்க டீச்சரைச் சந்தேகப்பட்டதைச் சொல்ல வேண்டும். பிறகு, அந்தத் தட்டுக்கும், அந்தச் சுவருக்கும், முதல் நாளை உள்ளபடி எழுதி வைத்ததற்கும் நன்றி சொல்ல வேண்டும். பேச்சில் அவளை ஜெயிக்க அவள் வீட்டில் ஆள் கிடையாது, நாலு வார்த்தைதானே என்று நினைத்தாள்.

அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் நாற்காலிகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பசையக்கா டீச்சர் எதிரே போய் நின்றாள். வாயைத் திறந்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்தாள். டீச்சர் என்ற சொல்லைத் தாண்டி ஒன்றும் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. டீச்சர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லையே என்று கேட்டாள்.

மாஸ்டர் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். வாய் திறந்தும் சொல் வராமல் நிற்பது எப்படியிருக்கும் என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்தார். டீச்சர் வழக்கம்போல அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

“இவளுக்கு… வார்த்தை… வரல” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். “நான்… சொல்றேன். உங்களுக்கு… ரொம்ப… நன்றி, டீச்சர்.”

இத்தனை நீளமாக அவர் இதுவரை பேசியதில்லை. டீச்சருக்கும் கண் நிறைந்தது. ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறதல்லவா, சட்டென்று புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“சார், அதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க பார்ப்போம்.”

மாஸ்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். பயிற்சி வண்டியில் ஸ்டியரிங்கை ஒப்படைக்கும்போது காட்டுவாரே, அதே மாதிரி மனைவி பக்கம் கையைக் காட்டினார்.

“இப்ப… அவ சொல்லட்டும்.”

இரண்டு பேரும் அவசரமில்லாமல் காத்திருந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.